சோகை: அடை தேடும் ஒரு சொல்

“நான் கரும்புக்குச் சோகை உரிச்சேன். அது வந்து இவமேல ஒட்டிக்கிச்சு போல.”

குன்னத்திலிருக்கும் என் பெரியம்மா இப்படிச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். கையில் மகளுடைய மருத்துவச் சீட்டு. அதில் ‘இரத்தசோகை’ என்று நீல மையில் எழுதியிருந்தது. பெரியம்மாவுக்குத் தெரிந்த சோகை வேறு. எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பில் ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் காய்ந்த இலையைக் கையால் உரித்துப் போடுவார்கள். சோகை உரிப்பது என்று அதற்குப் பெயர். உரித்த கையெல்லாம் கீறல், முழங்கை வரை அரிப்பு. அந்தக் கூலியில்தான் மகளைப் படிக்க வைத்தார். படித்த மகளின் உடம்பில் சோகை என்று எழுதிக் கொடுத்தால் அவருக்கு வேறெதுதான் நினைவுக்கு வரும்?

சிரித்து முடித்த பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. இலைக்கும் இரத்தத்துக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?

எழுத்தில் ஒன்றாக இருந்தாலும் பிறப்பில் இரண்டும் வேறு. கரும்பின் சோகை, தோகையின் பேச்சு வடிவம். மயிலுக்குத் தோகை, நெல்லுக்குத் தோகை, கரும்புக்கும் தோகை. நீண்டு தொங்குவதெல்லாம் தோகை. அது கழனிச் சொல்.

நோயின் சோகைக்கு மூலம் தேடினால் முதலில் சோகம் வந்து நிற்கும். சோகை பிடித்தவர் சோர்ந்து, முகம் வாடி, எதிலும் ஒட்டாமல் உட்கார்ந்திருப்பார். ஆகவே சோகமே சோகை ஆயிற்று என்று முடித்துவிடலாம். ஆனால் கையருகே கிடைக்கிற சொற்பிறப்பைக் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது. நம் பழைய வைத்திய வழக்கில் சோபை என்றொரு சொல் உண்டு. வடமொழியின் ‘சோப’த்திலிருந்து வந்தது, வீக்கம் என்று பொருள். பாண்டு, சோபை, காமாலை என மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வது சித்த வைத்தியர் வழக்கம். அந்தச் சோபைதான் நாவில் புரண்டு சோகை ஆயிற்று என்று நான் கொள்கிறேன். இதற்கு ஒலியைவிட நோயே பெரிய சாட்சி. இரத்தம் மிகவும் குறைந்துபோனவருக்கு முகம் உப்பும், கால் வீங்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். “ஊதி வெளுத்துப் போயிட்டா” என்று ஊரில் சொல்வார்கள். ஊதியது சோபை, வெளுத்தது பாண்டு.

பாண்டு நிறப்பெயர். வெளிறிய மஞ்சள். மகாபாரதத்தில் வியாசரின் கோலத்தைக் கண்டு அம்பாலிகை வெளிறிப் போனாள். அவளுக்குப் பிறந்த பிள்ளையும் வெளிறியே பிறந்ததால் பாண்டு என்று பெயர் பெற்றான். ஐவர் குலத்துக்கே ஒரு நிறத்தின் பெயர். தமிழிலோ இந்த நிறமாற்றத்துக்கு விளர் என்ற சொல் தொன்றுதொட்டு உண்டு. விளர்த்தல் என்றால் வெளுத்துப்போதல். நாம் கைவிட்ட அந்தச் சொல்லை மலையாளம் விடவில்லை. அங்கே இந்த நோய்க்கு இன்றும் ‘விளர்ச்ச’ என்றே பெயர்.

இதோடு பசலையையும் சேர்த்து எண்ணத் தோன்றும். பிரிவில் வாடும் பெண்ணின் மேனியில் படரும் நிறம் அது. திருக்குறளில் அதற்கென்று ‘பசப்புறு பருவரல்’ என ஓர் அதிகாரமே இருக்கிறது. பசுமை, பச்சை, பசலை எல்லாம் ஒரு வேர். ஐரோப்பாவிலும் இதே கற்பனை நடந்திருக்கிறது. 1554-இல் யோஹான்னஸ் லாங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர், மணமாகாத இளம்பெண்களுக்கு வரும் வெளிறல் நோயை எழுதிவைத்தார். பின்னால் அதற்குக் குளோரோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். ‘குளோரோஸ்’ என்றால் கிரேக்கத்தில் வெளிர் பச்சை. காதல் ஏக்கமே காரணம் என்று அங்கேயும் நம்பினார்கள். கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று வைத்தியம் சொன்னவர்களும் உண்டு. பசலையை ஒரு நோயென்று நிறுவ நான் வரவில்லை. அது கவிதையின் நிறம். வெளிறிய பெண்ணைப் பார்த்ததும் காரணத்தை அவள் மனசுக்குள் தேடுவது மட்டும் இரண்டு ஊருக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

கிரேக்கக் குளோரோசிஸ் தமிழுக்கு வேறொரு வாசல் வழியாக வந்து சேர்ந்தது. தாவரவியல் பாடப்புத்தகத்தில் இலை வெளிறும் நோய்க்குப் ‘பச்சையச் சோகை’ என்று பெயர். இலைக்கும் இரத்தத்துக்கும் ஒரே சொல் என்று பெரியம்மா குழம்பினாரே, அந்தக் குழப்பத்தைப் பாடநூல் அறிஞர்கள் வேண்டுமென்றே செய்து வைத்திருக்கிறார்கள்! அதில் நியாயமும் இருக்கிறது. இலைக்குப் பச்சையம், நமக்கு ஹீமோகுளோபின். இலை பச்சையம் செய்யவும் இரும்பு வேண்டும். நம் உடம்பு ஹீமோகுளோபின் செய்யவும் இரும்பு வேண்டும். இரும்பு கிடைக்காத கரும்பில் நரம்புகளுக்கு நடுவே இலை வெளுத்துக் கோடு கோடாகும். அப்போது விவசாயிகள் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிப்பார்கள். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். சித்த வைத்தியர் செந்தூரமாக்கிப் பாண்டுவுக்குக் கொடுப்பதும் அதே அன்னபேதி. கர்ப்பிணிக்கு அரசு தரும் சிவப்பு மாத்திரைக்குள் இருப்பதும் அதே உப்புதான். வயல், வைத்தியசாலை, ஆரம்ப சுகாதார நிலையம் மூன்றுக்கும் ஒரே சரக்கு.

ஆங்கில வைத்தியம் கொண்டுவந்த பெயர் அனீமியா. கிரேக்கத்தில் ‘அன்’ என்றால் இல்லை. ‘ஹைமா’ என்றால் இரத்தம். இரத்தம் இல்லாமை. இதைவிட நேராக நம் ஊர்ப்பெண்கள் சொல்வார்கள்: “உடம்புல ரத்தமே இல்லியாம்.” கிரேக்கம் தெரியாமலே சொன்ன சரியான மொழிபெயர்ப்பு. அளவுகூடச் சொல்வார்கள்: “ரத்தம் எட்டுப் பாயிண்ட்தான் இருக்காம், பத்தாவது இருந்தாத்தான் பிரசவம் பார்ப்பாங்களாம்.” பாயிண்ட் என்பது ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் என்ற கணக்கு. பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13, இதற்குக் கீழே போனால் அனீமியா என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேர் இந்த வரம்புக்குக் கீழே இருக்கிறார்கள். இரண்டில் ஒருத்தி.

இதுவரை வந்த பெயர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். பாண்டு, நிறம். சோபை, வீக்கம். விளர்ச்ச, வெளிறல். அனீமியா, இல்லாமை. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்கள். ஒன்றாவது காரணத்தைச் சொல்கிறதா? இல்லை.

காரணத்தின் இடம் காலியாக இருந்தது. அங்கே இரும்பு போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கும் நீண்ட வரலாறு உண்டு. நம் முன்னோர் உலோகங்களை நிறத்தால் அழைத்தார்கள்: வெள்ளி வெண்பொன், செம்பு செம்பொன், இரும்பு கரும்பொன். அந்தக் கரும்பொன்னின் கிட்டமான மண்டூரத்தையும், அயச்செந்தூரத்தையும், பிழிந்தால் கறுப்பாகச் சாறு விடும் கரிசலாங்கண்ணியையும் பாண்டுவுக்குக் கொடுத்தார்கள். கறுப்பைக் கொடுத்துச் சிவப்பை வரவழைத்த வைத்தியம் அது. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் சிடன்ஹாம் இரும்புத் தூளைத் திராட்சை மதுவில் ஊறவைத்துக் கொடுத்தார். 1832-இல் பிரான்சின் பியர் பிளோ இரும்பு மாத்திரை உருட்டினார். பலருக்குக் குணமானது. நம் நாட்டில் வெளுத்தவர்களில் மிகப் பலருக்கு உண்மையிலேயே இரும்புதான் குறை. மாதவிலக்கு, அடுத்தடுத்த பிரசவம், வெறுங்காலில் ஏறும் கொக்கிப்புழு, கீரையும் கறியும் எட்டாத சாப்பாடு, எல்லாம் இரும்பைத்தான் தின்கின்றன. அப்படியே சோகை என்றால் இரும்புக்குறை, இரும்புக்குறை என்றால் சோகை என்று இரண்டு சொல்லும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டுவிட்டன.

அந்தப் பற்றவைப்பு முழு உண்மையல்ல என்று காட்டிய ஓர் ஆராய்ச்சி நம் மண்ணிலும் நடந்தது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். கர்ப்பிணிகளான ஆலைத் தொழிலாளிப் பெண்களைத் தாக்கும் கொடிய சோகையை ஆராய்ந்தார். அடுத்த ஆண்டு குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும், பிறகு சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலையைத் தொடர்ந்தார். இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைதான் அந்தக் கோஷா ஆஸ்பத்திரி. அந்தப் பெண்களின் சிவப்பணுக்கள் சிறுத்திருக்கவில்லை, பெருத்திருந்தன. குறை இரும்பில் இல்லை. மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு அவர்களைத் தேற்றியது. அதில் இருந்த சத்து பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று இரும்போடு சேர்ந்து ஒரே மாத்திரையில் அது வருகிறது. அணு பெருத்த சோகையை அவர் பிரித்துக் காட்டினார். அணு சிறுத்த சோகைக்குள்ளேயே இன்னொன்று ஒளிந்திருந்தது.

பெரியம்மாவின் மகளுக்கு, அதாவது என் அக்காவுக்கு, பள்ளிக்கூட நாளிலிருந்தே இரும்பு மாத்திரை. நீல நிறத்தில் ஆரம்பித்து, கல்யாணமாகிப் பிள்ளை உண்டானபோது சிவப்பு நிறத்துக்கு மாறினாள். பத்தும் பத்தரையுமாக ஆடிக்கொண்டிருந்ததே தவிர, பாயிண்ட் ஏறவில்லை. “மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டு வந்து நிக்கிற” என்று ஓரிடத்தில் திட்டும் வாங்கினாள். விழுங்கிய மாத்திரைக்குச் சாட்சி யார்? கடைசியில் இரத்தத்தை இன்னும் ஆழமாகப் பார்க்கச் சொன்னார் ஒரு டாக்டர். முடிவு வந்தபோது சீட்டில் புதுப் பெயர் இருந்தது: தலசீமியா மைனர்.

“மைனரா?” என்றார் பெரியம்மா. “அது செயின் போட்டுக்கிட்டுச் சுத்துற ஆம்பளைக்குல்ல சொல்வாங்க?”

மைனருக்கு அர்த்தம் சொல்வது எளிதாக இருந்தது. நோயின் சிறிய வடிவம். அவள் நோயாளி இல்லை, நோயின் கூறு ஒன்றைச் சுமப்பவள். தலசீமியாவுக்கு அர்த்தம் சொல்லத்தான் தயங்கினேன். “கடல் ரத்தம்” என்றேன்.

1925-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தாமஸ் கூலி என்ற குழந்தை மருத்துவர், பேர்ல் லீயோடு சேர்ந்து, மண்ணீரலும் கல்லீரலும் வீங்கி, எலும்பு மாறி, இரத்தம் குன்றிய சில பிள்ளைகளைப் பற்றி எழுதினார். முதலில் அது கூலியின் சோகை என்றே அழைக்கப்பட்டது. அங்கே அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் இத்தாலி, கிரீஸ் போன்ற மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் வீட்டில் பிறந்தவர்கள். 1930-களில் ஜார்ஜ் விப்பிளும் வில்லியம் பிராட்ஃபோர்டும் இதற்குப் புதுப்பெயர் தேடினார்கள். ‘தலஸ்ஸா’ என்றால் கிரேக்கத்தில் கடல். பாலைகளையும் மலைகளையும் தாண்டி நடந்து சலித்த கிரேக்கப் படைவீரர்கள் கருங்கடலைக் கண்டதும் “தலஸ்ஸா, தலஸ்ஸா” என்று கத்தினார்கள் என்று செனஃபோன் எழுதிய கதையைப் படித்தவர்களுக்கு அது தெரிந்த சொல். தலஸ்ஸாவோடு ஹைமா சேர்ந்தது, தலசீமியா பிறந்தது.

அழகான பெயர், ஆனால் தவறான பெயர். 1938-லேயே கல்கத்தாவில் ஓர் இந்தியக் குழந்தையிடம் இந்த நோய் பதிவாகிவிட்டது. மத்தியதரைக் கடலிலிருந்து மேற்காசியா, இந்தியா, இலங்கை, பர்மா, தாய்லாந்து வரை ஒரு பட்டையாக இது நீண்டு கிடக்கிறது. அந்தப் பட்டையை வரைந்தது கடலல்ல, கொசு. ஒரே ஒரு மரபணுவை மட்டும் சுமப்பவர்களை மலேரியா எளிதில் கொல்லாது. அதனால்தான் மலேரியா நாடுகளில் இந்த மரபணு தங்கிவிட்டது என்று 1949-இல் சொன்னவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பின்னாளில் இந்தியாவுக்கே குடிவந்து இங்கேயே இறந்தவர். இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் பீட்டா தலசீமியாவைச் சுமப்பவர்கள் என்றும், ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதன் முற்றிய வடிவத்தோடு பிறக்கின்றன என்றும் கணக்கிடுகிறார்கள். நீலகிரிப் பழங்குடிகளிடம் 1952-இல் லேமனும் கட்புஷும் கண்ட அரிவாளணுச் சோகை இதன் ஒன்றுவிட்ட தங்கை. பிறை வடிவத்தில் வளையும் சிவப்பணுவைப் பார்த்து, கதிரறுக்கும் அரிவாளின் பெயரையே வைத்தார்கள். உருவத்தைப் பார்த்து வைத்த பெயரென்றாலும் அது ஒரே நோயைத்தான் குறிக்கிறது.

“கடல் ரத்தமா? நம்ம ஊருல ஏதுப்பா கடல்?” என்றார் பெரியம்மா.

அந்தக் கேள்வியை அவர் எந்த ஊரில் உட்கார்ந்து கேட்டார் என்பதுதான் வேடிக்கை. குன்னம் இருக்கும் பெரம்பலூர் மாவட்டமும் பக்கத்து அரியலூரும் கடலடியில் கிடந்த நிலம். 1860-களில் பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் இந்தப் பாறைகளை அடுக்கு அடுக்காகப் பிரித்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினார். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம் 12 கோடி ஆண்டுப் பழசு. 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்குச் சொன்னார். ஊரார் கல்மரம் என்பார்கள். அரியலூர்ச் சிமென்ட் ஆலைகள் அரைப்பதும் அந்தப் பழங்கடலின் சுண்ணாம்புக்கல்தான். நாம் அந்தக் கடலால் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். அது இன்னொன்றும் செய்யும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் பயிரின் வேருக்கு எட்டாது, இலை வெளுக்கும். இரும்பு இருந்தும் பச்சையச் சோகை!

குன்னத்திலேயே நடந்த கதை ஒன்று உண்டு. 2020 அக்டோபரில் குளத்து மண்ணை எடுத்தபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று பேச்சுக் கிளம்பியது. படங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தன. ஊர் நம்பியதில் தப்பில்லை; பக்கத்துச் செந்துறையில் டைனோசர் முட்டைகள் கண்டதாக 2009-இல் அறிவித்திருந்தார்கள், உருவமும் முட்டைதான். நிலவியல் அறிந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, முட்டையல்ல என்றார்கள். அம்மோனைட் என்ற கடல் உயிரின் எச்சத்தைச் சுற்றி வண்டல் திரண்டு இறுகிய உருண்டைகள் அவை. சாளக்கிராமம் என்று பூசையில் வைக்கிறோமே, அதுவும் இமயத்து அம்மோனைட்தான். வெளியுருவம் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. வெளியுருவத்தை வைத்துப் பெயர் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

சிறுத்த சிவப்பணுவும் அந்தக் குளத்து உருண்டை மாதிரிதான். உள்ளே என்ன என்று எப்படிப் பார்ப்பது?

பூ கட்டுகிற பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மாலைக்குப் பூவும் வேண்டும், நாரும் வேண்டும். ஹீமோகுளோபினில் இரும்பு பூ. குளோபின் என்ற புரதச் சங்கிலி நார். பூ வராவிட்டாலும் மாலை சிறுக்கும், நார் போதாவிட்டாலும் மாலை சிறுக்கும். முதலாவது இரும்புக்குறை, இரண்டாவது தலசீமியா. முடிந்த மாலையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். நார் இல்லாதவளிடம் கூடை கூடையாகப் பூவை இறக்கினால் என்ன ஆகும்? அக்காவுக்குப் பல வருஷம் நடந்தது அதுதான். உடம்புக்கு மிஞ்சிய இரும்பை வெளியே தள்ளும் வழி கிடையாது. தலசீமியா முற்றிய வடிவத்தில் மாதாமாதம் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளின் இதயத்திலும் கல்லீரலிலும் இரும்பு தங்கிக் கேடு செய்வதும், அதை வெளியேற்றத் தனி மருந்து கொடுப்பதும் இதனால்தான்.

முதல் துப்பு சாதாரண இரத்த எண்ணிக்கைச் சீட்டிலேயே இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் சிபிசி என்பார்கள். எல்லோரும் ஹீமோகுளோபின் வரியைப் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்துவிடுவார்கள். கீழே இன்னும் இரண்டு வரி உண்டு: சிவப்பணுவின் சராசரி அளவு, சிவப்பணுக்களின் எண்ணிக்கை. இரும்பு குறைந்தவருக்கு அணு சிறுக்கும், எண்ணிக்கையும் குறையும். பூ இல்லாதவள் சின்ன மாலையாக, அதுவும் சிலவே கட்டுவாள். தலசீமியாவைச் சுமப்பவருக்கு அணு மிகவும் சிறுக்கும், ஆனால் எண்ணிக்கை குறையாது, கூடவும் செய்யும். உடம்பு சின்னச் சின்னதாகக் கட்டிக் குவிக்கும். 1973-இல் வில்லியம் மென்ட்சர் இதை ஒரே வகுத்தலாக்கினார். அணுவின் அளவை, பத்து லட்சக் கணக்கிலான எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடை 13-க்கு மேலே போனால் இரும்புக்குறையின் பக்கம்; கீழே வந்தால் தலசீமியாவின் பக்கம். அக்காவின் சீட்டில் அளவு 63, எண்ணிக்கை 55 லட்சம். 63-ஐ 5.5-ஆல் வகுத்தால் 11.4 சொச்சம். பத்தாம் வகுப்புக் கணக்கு. அந்த இரண்டு எண்ணும் அவளுடைய பழைய சீட்டுகளிலும் அச்சாகி இருந்திருக்கும். வகுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பெயர்தான் முன்னாலேயே தெரிந்துவிட்டதே!

வகுத்தல் துப்புத்தான், தீர்ப்பு அல்ல. இன்னும் எளிய துப்பு ஒன்றும் உண்டு. 0.36 சதவீத உப்புநீரில் ஒரு சொட்டு இரத்தத்தை விட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கண்ணாடிக் குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட காகிதத்தைப் பிடிப்பார்கள். சாதாரணச் சிவப்பணு அந்த நீரில் உடைந்துவிடும், நீர் தெளியும், கோடு தெரியும். தலசீமியா அணு உடையாது, நீர் கலங்கியே நிற்கும், கோடு மறையும். மின்சாரம் இல்லாத ஊரிலும் செய்யலாம். ஆனால் இரும்புக்குறைந்த அணுவும் சில வேளை இதில் ஏமாற்றும். அதனால் அடுத்த படிக்கு ஏறித்தான் ஆக வேண்டும்.

அந்தப் படியில் இரண்டு கேள்விகள். பூ எவ்வளவு இருப்பு இருக்கிறது? நார் சரியா?

இருப்பைச் சொல்வது ஃபெரிட்டின். ‘ஃபெர்ரம்’ என்றால் லத்தீனில் இரும்பு. 1937-இல் லாஃப்பெர்கர் என்ற செக் விஞ்ஞானி குதிரையின் மண்ணீரலிலிருந்து பிரித்தெடுத்த இந்தப் புரதம் உடம்பின் குதிர்; இரும்பு இதற்குள்தான் சேமிப்பாகும். குதிரிலிருந்து கசிந்து இரத்தத்தில் வரும் கொஞ்சத்தை அளக்க 1972-இல்தான் வழி கண்டார்கள். அதற்கு முன் இருப்பை அறிய எலும்பு மஜ்ஜையைக் குத்தி எடுத்துச் சாயமேற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே ஃபெரிட்டின் இறங்கினால் குதிர் காலி. ஆனால் காய்ச்சலும் கிருமித்தொற்றும் இருந்தால் குதிர் காலியாக இருந்தாலும் ஃபெரிட்டின் ஏறி நிற்கும். அப்போது 70-க்குக் கீழே இருந்தாலே சந்தேகப்படச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நாரைச் சொல்வது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் பரிசோதனை. அதில் ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்துக்கு மேலே போனால் பீட்டா தலசீமியாவைச் சுமப்பவர் என்று பொருள். இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. இரும்பும் சேர்ந்து குறைந்தால் ஏ2 தாழ்ந்துவிடும்; சுமப்பவர் சுமக்காதவர்போலத் தெரிவார். அதனால் எல்லையில் நிற்கும் எண்ணை, இரும்பைச் சரிசெய்தபின் மறுபடி பார்க்க வேண்டும். கர்ப்பிணியானால் அதுவரை காத்திருக்கக்கூடாது. கணவரின் இரத்தத்தையும் உடனே பார்த்துவிட வேண்டும். ஆல்ஃபா வகைத் தலசீமியாவில் ஏ2 ஏறவே ஏறாது. அதற்கு மரபணுப் பரிசோதனைதான் வழி. இன்னொன்று: தலசீமியாவைச் சுமப்பவருக்கு இரும்புக்குறை வராது என்று எந்த விதியும் இல்லை. அவருக்கும் மாதவிலக்கு உண்டு, பிரசவம் உண்டு. ஃபெரிட்டின் தாழ்ந்திருந்தால் அவருக்கும் இரும்பு வேண்டும். கூடாது என்பதெல்லாம் பார்க்காமல் கொடுப்பதும் பார்க்காமல் நிறுத்துவதும்தான்.

அக்காவுக்கு ஃபெரிட்டின் 48, ஏ2 5.2. பூ இருந்தது, நார்தான் குறை.

இங்கேதான் என் சொல்லாராய்ச்சி தன் இடத்துக்குத் திரும்பியது. பள்ளியில் இலக்கண ஆசிரியர் சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டு. செந்தாமரை என்றால் ‘செம்மை’ ஒரு வேலை செய்கிறது; வெண்தாமரையும் இருப்பதால் அதிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. அது இனச்சுட்டுள்ள அடை. செஞ்ஞாயிறு என்றால் அந்தச் செம்மைக்குப் பிரிக்கிற வேலை இல்லை. கருஞாயிறு என்று ஒன்று கிடையாது. அது இனச்சுட்டில்லா அடை.

‘இரத்தசோகை’ எந்த வகை? இலங்கைத் தமிழர் ‘குருதிச்சோகை’ என்பதும் இதே வார்ப்புத்தான். வயலையும் பாடப்புத்தகத்தையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ‘இரத்தம்’ பச்சையச் சோகையிலிருந்து பிரித்துக் காட்டலாம். மருத்துவமனை வாசலைத் தாண்டிவிட்டால் அதற்கு வேலையில்லை; உள்ளே வருகிற சோகை எல்லாம் இரத்தத்தின் சோகையே. செஞ்ஞாயிறு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, எந்தத் தாமரை என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். தேவைப்படுவது பிரித்துக் காட்டும் அடை: இரும்புக்குறைச் சோகை, ஃபோலிக்குறைச் சோகை, அரிவாளணுச் சோகை, தலசீமியாச் சோகை. மேலே சொன்ன பரிசோதனைகள் அத்தனையும் அந்த அடையைத் தேடும் வேலைதான். 2018-இல் தொடங்கிய ‘அனீமியா முக்த் பாரத்’ என்ற தேசியத் திட்டமும் சத்து மாத்திரையோடு நிற்காமல், மலேரியா, பரம்பரை இரத்தக் கோளாறு, ஃபுளோரைடு நஞ்சு ஆகியவற்றையும் கவனிக்கச் சொல்கிறது. திட்டத்துக்குத் தெரிந்தது சீட்டுக்கு வர வேண்டும்.

அடை எதற்கு என்று கேட்டால், நம் பக்கத்துக் கல்யாணங்களைப் பாருங்கள். அத்தை மகனும் மாமன் மகளும் இன்னும் நமக்கு முறைதான். ஒரே தாத்தாவின் மரபணு இரு பக்கமும் வந்து சேர வழி அதிகம். சுமப்பவர் ஒருவர் சுமக்காதவரை மணந்தால் பிள்ளைக்குப் பெரிய கேடில்லை. இரண்டு பேரும் சுமப்பவரானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு, பிள்ளை முற்றிய தலசீமியாவோடு பிறக்க வாய்ப்பு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986-லேயே தலசீமியாப் பிள்ளைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள். ஆனால் அது எல்லோருக்கும் எட்டுகிற வைத்தியமல்ல. ஜாதகத்தோடு ஒரு சீட்டு சேர்ந்தால் போதும் என்ற இடத்தில், ‘ரத்தம் கம்மி’ என்ற வெறும் பெயர் வாயை மூடிவிடுகிறது.

அக்காவின் கணவர் இரத்தம் சரியாக இருந்தது. அக்காவிடம் இருந்த கூறு எங்கிருந்து வந்தது என்று அறிய, பெற்றவர்கள் இரத்தத்தையும் கேட்டார் டாக்டர். பெரியப்பா இல்லை. பெரியம்மா கையை நீட்டினார். முடிவு வந்த அன்று நான்தான் படித்துச் சொன்னேன்: ஏ2 4.9. வாழ்நாள் முழுக்க வெயிலில் கரும்பு உரித்தவர். ஒருநாள்கூட இரத்தம் பார்த்துக்கொண்டதில்லை. மகளிடம் இருந்த அதே கூறு அவரிடமும் இருந்திருக்கிறது.

பெரியம்மா சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேஷன் அட்டை வைக்கும் பையில் மகளின் சீட்டோடு சேர்த்துச் சொருகினார்.

“நான் அன்னிக்கே சொன்னேன்ல, என்கிட்டேருந்துதான் ஒட்டிக்கிச்சுன்னு.”